ஏட்டில் 8.25

நவம்பர் 3, திங்கள்

8.18. ஏட்டில் 8.25.

கடைவாய்ப் பல் மறுபடியும் வலிக்கிறது. கிராம்பை அதக்கிக்கொண்டு ஷிப்டை ஓட்டினேன். காலை ஐந்திலிருந்து பகல் ஒன்றுவரை பேருந்து நிலையத்து நேரக்காப்பாளர் அறையில் உட்கார்ந்து, வண்டி வந்த நேரத்தை ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வரலாற்றில் முதல் வகுப்பு எம்.ஏ. வாங்கியவன் செய்கிற வேலை இது. என்னிடம் நோட்ஸ் வாங்கிப் பார்த்து எழுதிய குணசீலன் இன்று ஒரு கல்லூரிக்கு முதல்வர். நேர்முகத் தேர்வன்று அவன் யாருடைய காரில் வந்து இறங்கினான் என்பதும், அந்தக் காரின் நிறமும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டெப்போவில் எனக்கு ‘எம்மே’ என்று பெயர். பரஞ்சோதி என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை.

இன்று ஒரு டீச்சர் ஜன்னலுக்கு வந்தார். பெயர் எமல்டா. அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம்.

“7ஏ பஸ்ஸு கல்லுக்குழிக்குள்ள வர்றதே இல்லையாமே சார்?”

“யார் சொன்னா?”

“எங்க பிள்ளைங்க. பத்துப் பேர் அங்கருந்து வரணும்.”

கல்லுக்குழி குவாரித் தொழிலாளர் குடியிருப்பு. 7ஏ ஆலம்பாறையிலிருந்து மெயின் ரோட்டில் வந்து, கல்லுக்குழி விலக்கில் திரும்பி, ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போய்ப் பிள்ளைகளை ஏற்றித் திரும்ப வேண்டும். அட்டவணையில் அதற்கு ஏழு நிமிடம். ஏட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“பாருங்க. 8.25, 8.25, 8.25. உள்ள போகாம நேரா வந்தா 8.18க்கே இங்க வந்து நிக்குமே.”

“எட்டுப் பதினெட்டா?”

“சுமாரா.”

“சுமாரான்னா எட்டேகால்னு சொல்லுவாங்க சார்.”

கணக்கு டீச்சர்கள் இப்படித்தான். கிளை மேலாளரிடம் மனுக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

8.17. ஏட்டில் 8.25. வேறொன்றுமில்லை.

நவம்பர் 6, வியாழன்

8.19. ஏட்டில் 8.25.

பின்னால் யாராவது இதைப் படித்தால் தவறாக நினைக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வண்டி தாமதமாக வந்தால் ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆட்டு மந்தை, ரயில்வே கேட், கூட்டம். முன்னதாக வந்தால் ஒரே காரணம்தான்: போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அதை எழுதினால் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மெமோ வரும், நேரக்காப்பாளர் விரோதியாவான். அதனால் எந்த நேரக்காப்பாளரும் அட்டவணை நேரத்தைத்தான் எழுதுவார். வண்டியில் வைத்த ஜி.பி.எஸ். பெட்டியும் இரண்டு வருடமாகச் செத்துக் கிடக்கிறது. மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமலே எழுதுகிறார்கள். நான் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சரியான நேரத்தை இங்கே வைத்துக்கொள்கிறேன். தினமும் வானொலியின் மணியோசைக்குக் கைக்கடிகாரத்தைத் திருத்துகிறவன் நான். இந்த டைரியில் இருப்பதுதான் நேரம்.

7ஏவின் ஓட்டுநர் சின்னையா. எட்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. டிரிப் ஷீட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவேன். நடத்துநர் இளவரசு நடுவில் நின்று, “அண்ணே, எம்மே சார் சைன் போட்டாச்சுண்ணே” என்பான். எனக்குச் சின்னையாமேல் கசப்பு இருக்கிறது. காரணம் இங்கே வேண்டாம்.

கேஸ் சிலிண்டர் வந்தது. வாஷர் ஒழுகியது. அதற்கும் நான்தான் போன் செய்ய வேண்டியிருந்தது.

நவம்பர் 10, திங்கள்

8.18. ஏட்டில் 8.25.

எமல்டா டீச்சர் மறுபடி வந்தார். கையில் கிளை அலுவலகத்தின் பதில் கடிதம். ‘மேற்படி பேருந்து நாள்தோறும் கல்லுக்குழி சென்று திரும்புவது நேரக்காப்பாளர் பதிவேட்டின் மூலம் உறுதி செய்யப்படுகிறது.’ பதிவேட்டின் நகலும் இணைத்திருந்தார்கள். என் கையெழுத்து அழகானது. ஜெராக்ஸிலும் அழகாகவே இருந்தது.

“இந்தக் கடிதத்தால என்ன ஆச்சு தெரியுமா சார்? காளீஸ்வரின்னு ஒரு பிள்ளை. பத்தாவது. வகுப்புல முதல் மார்க். அவங்க அப்பா அஞ்சரைக்கே குவாரிக்குப் போயிர்றாரு. பஸ் வருதா வரலையான்னு அவரு பாத்ததில்ல. பஸ் வராத அன்னைக்கு இவ டிப்பர் லாரில ஏறி வந்து எறங்கிருக்கா. யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. ‘அரசாங்கமே பஸ்ஸு வருதுன்னு எழுதிக் குடுத்துருக்கு, எம்மக எதுக்கு லாரில போறா’ன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்ல?”

“அடுத்த பஸ்ல வரலாமே.”

“அடுத்த பஸ் அங்க வர்றது ஒன்பது நாப்பதுக்கு. ஸ்கூல் கேட்டு ஒன்பதரைக்கு மூடிருவாங்க. உங்களுக்குத் தெரியாத டைமா?”

ஏட்டை மூடி வைத்தேன்.

“வேலைக்கு ஆள் ஏத்துற நூல் மில்லு வேன் வாசலுக்கே வருது சார். காலைல ஆறு மணிக்கு. மழை பெஞ்சாலும் வருது. ஒரு நாள் தவறினதில்ல. போன வருஷம் மில்லுக்குப் போன நாலு பிள்ளைகள, புகார் குடுத்துத் திருப்பிக் கூட்டியாந்தேன். கூட்டியாந்து என்ன பண்ண? பஸ் இல்ல. வயசு பதினெட்டுன்னு எழுதிக் குடுத்து மறுபடி போயிட்டாங்க. டிசம்பர் ஒண்ணாம் தேதி காளீஸ்வரியையும் ஏத்தி அனுப்புறதா அவங்க அப்பா பேசி முடிச்சிட்டாரு. அதுக்குள்ள பஸ் உள்ள வந்தா, அவரு ஒரு நாள் லீவு போட்டு நின்னு பாத்துட்டு, அப்புறம் யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காரு.”

போகும்போது திரும்பி நின்று, “எட்டுப் பதினெட்டு எங்கயாச்சும் எழுதியிருக்கா சார்?” என்றார்.

இல்லை என்றேன்.

நவம்பர் 12, புதன்

வார விடுப்பு. பல் மருத்துவரிடம் போவதாக மனைவி திலகவதியிடம் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு கல்லுக்குழி விலக்குக்குப் போனேன். நேரம் சரிபார்க்க. வேறு நோக்கம் இல்லை.

மூடிக் கிடந்த பஞ்சர் கடைக்குப் பின்னால் நின்றேன். ஏழே முக்காலுக்குப் பிள்ளைகள் குடியிருப்பிலிருந்து நடந்து வந்தார்கள். உள்ளே வராத பேருந்தை மெயின் ரோட்டிலாவது பிடிக்கலாம் என்று.

“இன்னைக்கு நிக்கும்டி. புதன்கெழம.”

“போன புதனும் இதத்தான சொன்ன?”

“போன புதன் நீ தலைக்குக் குளிக்காம வந்த. நாத்தம் தாங்காமப் போயிட்டான்.”

சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் நடந்துகொண்டே புத்தகம் படித்தாள். இடது செருப்பின் அறுந்த வாரை ஊக்கு போட்டு மாட்டியிருந்தாள். “ஏய் காளி, கலெக்டரானா இந்த ரோட்டுக்கு எம் பேர வையிடி” என்றாள் இன்னொருத்தி. “உம் பேர வச்சா பஸ்ஸு இன்னும் வேகமா ஓடிரும்” என்றாள் இவள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

7.50. 7ஏ வந்தது. அந்தப் பெண் ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் தூக்கி நின்றாள். வண்டி வேகம் குறையவில்லை. நீளமாக ஹார்ன் அடித்து, வலப்பக்கம் ஒடித்து, அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவள் சேலைத் தலைப்பு காற்றில் எழுந்து முகத்தில் விழுந்தது. படியில் நின்ற இளவரசு, “ஷெட்யூல்ல ஸ்டாப்பு ஊருக்குள்ளதாம்மா, இங்க கெடையாது” என்று கத்திக்கொண்டே போனான். சின்னையாவின் முகத்தைப் பார்த்தேன். ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் வந்த டிப்பரில் ஆறு பேர் ஏறினார்கள். காளீஸ்வரி ஏறவில்லை. இப்போது அவள் லாரியில் ஏறக்கூடாது. பதினொரு கிலோமீட்டர். நடக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். பெயர் முத்துச்செல்வி. இருபத்து மூன்று வயது இருக்கும்.

பல் மருத்துவரிடம் கூட்டம் அதிகம் என்று திலகவதியிடம் சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

8.18. ஏட்டில் 8.25.

எட்டு வருடத்துக்கு முன் கல்லுக்குழிக்குள் 7ஏ திரும்பி நிற்கும் இடத்தில் ஒரு மாணவி படியிலிருந்து விழுந்தாள். பின் சக்கரம் காலில் ஏறியது. நான் அப்போது நடத்துநர், சின்னையா ஓட்டுநர். விசில் கொடுப்பதற்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டான் என்று விசாரணையில் முடிவாயிற்று. அவனுக்கு ஆறு மாதம் பணியிடை நீக்கம். அதற்குப் பின் எனக்கு முழங்கால் வலி என்று சான்றிதழ் கொடுத்து, லைட் டூட்டி கேட்டு இந்த நாற்காலிக்கு வந்தேன். முழங்கால் உண்மையிலேயே வலித்தது.

மாணவி அப்போது பத்தாவது. அதன் பிறகு பள்ளிக்கு வரவில்லை என்று கேள்வி.

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை. நானே இறங்கிக் கழுவினேன்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். வானொலியில் காலை முழுவதும் பிள்ளைகள் பாடினார்கள். மகளிர் பள்ளியில் காளீஸ்வரி பேசுவதாக இருந்ததாம். எமல்டா டீச்சர் ஜன்னலுக்கு வரவில்லை. பள்ளி நிறுத்தத்தில் பிள்ளைகள் இறங்காததால் ஆட்டோவில் பின்னாலேயே வந்தவர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று 7ஏவிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்தார். பள்ளிச் சீருடை ஒன்றுகூட இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

8.18. ஏட்டில் 8.18.

நவம்பர் 15, சனி

ஏடு கிளை அலுவலகத்துக்குப் போனதும், ஏழு நிமிடம் முன்னதாக வந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ போட்டுவிட்டார்கள். பத்து மணிக்கு ஜன்னலை ஒரு கை மறைத்தது. சின்னையா. எட்டு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

“என்ன எம்மே, பேனாவுக்குப் புது மை ஊத்திருக்கியா?”

“வந்த நேரத்த எழுதுனேன்.”

“நேத்துத்தான் வந்த நேரம் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா? எத்தன நாளா முன்னாடி வர்றேன், சொல்லு. நீ போட்ட கையெழுத்த எண்ணுவமா?”

வரிசையில் நின்ற மற்ற ஓட்டுநர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“ஏன் உள்ள போறதில்லன்னு மெமோவுல கேட்டுருக்காய்ங்க,” என்றான், குரலைத் தாழ்த்தி. “எழுதவா? மொதல்லருந்து எழுதுறேன். எனக்கு உன்ன மாதிரி கையெழுத்து வராது. ஆனா எழுதுவேன்.”

கையை எடுத்தான். ஜன்னல் கட்டையில் அவன் விரல்களின் ஈரம் இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

8.18. ஏட்டில் 8.25.

வெள்ளிக்கிழமைப் பதிவில் இருந்த 18-ஐ 25 ஆக்கி, எழுதும்போது நேர்ந்த தவறு என்று குறிப்பிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மெமோ ரத்தாயிற்று.

பல் வலி குறையவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

8.18. ஏட்டில் 8.25.

நவம்பர் 20, வியாழன்

8.19. ஏட்டில் 8.25.

பதினொன்றரை மணி. கூட்டம் இல்லாத நேரம். முத்துச்செல்வி ஜன்னலில் நின்றாள். கைகளில் கல் தூள். குவாரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

“டைம்கீப்பர் நீங்கதான?”

“ஆமா.”

“நான் காளீஸ்வரியோட சித்தி. கல்லுக்குழி.”

“பஸ் விஷயம்னா மேனேஜரப் பாரும்மா.”

“பாத்தாச்சு. ஏட்டுல வருதுன்னு இருக்காமே. அந்த ஏட்ட எழுதுறவரப் பாக்கலாம்னு வந்தேன்.” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “எளச்சுட்டீங்க. அப்ப கன்னம் உப்பலா இருக்கும். சில்லறை இல்லைன்னா எங்கள எறக்கி விட்ருவேன்னு மெரட்டுவீங்க. எறக்கி விட்டதில்ல.”

என்னைத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

“காலு எப்படிம்மா இருக்கு?”

“இருக்கு.”

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் அப்படியே எழுதுகிறேன்.

“அன்னைக்கு ஒரு காலப் படியில வச்சிட்டேன். அடுத்த காலத் தூக்குறேன், விசில் கேட்டுச்சு. எங் காதுக்குப் பக்கத்துலதான் ஊதுனீங்க. நான் ஆசுபத்திரில கெடந்தேன், விசாரணைக்கு என்னைய யாரும் கூப்பிடல. வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல. சரி. நான் இப்ப அதுக்கு வரல.”

“பின்ன எதுக்கு வந்த?”

“அந்த டிரைவரு எங்க ஊருக்குள்ள வர மாட்டேங்குறாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவரு வராததுல ஞாயம் இருக்கு. ஆனா எம்புள்ள அதுக்கு என்ன பண்ணுவா? நான் பத்தாவதோட நின்னேன். இவளும் பத்தாவதோட நின்னா, ஊருல நாளைக்கு ஒருத்தரும் புள்ளைய டவுனுக்கு அனுப்ப மாட்டாக. பஸ்ஸு உள்ள வரணும். அவ்வளவுதான். நீங்க எதையாச்சும் எழுதுங்க, எழுதாமப் போங்க. பஸ்ஸு வரணும்.”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள். படியில் இறங்கும்போது முதலில் இடது காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, வலதைக் கொண்டுவந்து சேர்த்தாள். நான்கு படிக்கு இருபத்திரண்டு நொடி.

நவம்பர் 21, வெள்ளி

8.18. ஏட்டில் 8.25.

எமல்டா டீச்சர் மேலிடத்துக்கு எழுதியதால் வரும் 27ஆம் தேதி, வியாழன், பதினொரு மணிக்கு விசாரணை. கோட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். கிளை மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“எம்மே, ஏட்டக் கொண்டாந்து வச்சிட்டுப் பேசாம நில்லு. ஏடு பேசும். டிரைவர், கண்டக்டர் ரெண்டு பேரும் போனோம்பாங்க. ஊர்க்காரங்க இல்லைம்பாங்க. ஏட்டத் தாண்டி ஆதாரம் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது.”

“சரிங்க சார்.”

“நம்ம ஆளுதான சின்னையா. உனக்கும் அவனுக்கும் ஆகாதுன்னு தெரியும். அதுக்காக…”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்.”

ஜனவரியிலிருந்து இன்றுவரை இந்த டைரியில் 7ஏ உள்ளே போகாத நாட்களை எண்ணினேன். வார விடுப்பு போக, என் ஷிப்டில் இருநூற்று முப்பத்தொன்று. இதை மேஜையில் வைத்தால் சின்னையா தொலைந்தான். ஏட்டில் பொய் எழுதியதற்கு எனக்கு ஒரு கண்டனமும் ஊதிய உயர்வு நிறுத்தமும் வரும். அவனுக்கு இது இரண்டாவது குற்றம், வேலையே போகும். எட்டு வருடமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் காலண்டரைப் பார்த்தானே, இனி வீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும். இப்படி நினைத்தபோது பல் வலி கொஞ்ச நேரம் இல்லாமல் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

8.18. ஏட்டில் 8.25.

டீக்கடையில் சின்னையா என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். கையில் சூடான கிளாஸ்.

“வியாழக்கெழம என்ன சொல்லப் போற?”

“ஏடு இருக்கு.”

“ஏடு இருக்கு,” என்றான் அவனும். வெகுநேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தான். “காலு போன அந்தப் புள்ள ஒரு நாள் ரோட்டுல நின்னு கையத் தூக்குச்சு, பாத்தேன். நிறுத்தணும்னுதான் நெனச்சேன். காலு பிரேக்குக்குப் போகல. போன வருஷம் ஒரு நாள் உள்ளயும் போனேன். திரும்புற எடத்துல, இதே இளவரசு விசில் குடுத்தான். வண்டிய எடுக்க முடியல எம்மே. விசில் கேட்டுச்சா, எனக்குத்தான் கேட்ட மாதிரி இருக்கான்னு. எறங்கிப் போய்ப் பாத்தேன், யாரும் கீழ கெடக்காங்களான்னு. பிள்ளைக சிரிச்சுச்சு. அதுலருந்து போறதில்ல.”

நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கேட்டுச்சுன்னு நான் சொன்னேன். ஊதலன்னு நீ சொன்ன. நீ படிச்சவன். ஆர்டர்ல என்ன எழுதுனாய்ங்க, ஞாபகம் இருக்கா? ‘முதுகலைப் பட்டம் பெற்ற நடத்துநரின் சாட்சியம் தெளிவாக உள்ளது.’ மனப்பாடமா இருக்கு எனக்கு. போகப் போக, நீ சொன்னதுதான் நெசமோன்னு எனக்கே ஆயிருச்சு. அதான் கேக்குறேன். இப்ப இங்க யாரும் இல்ல. ஊதுனியா, ஊதலையா?”

“டைமாச்சு. ஆலம்பாறை வண்டி வந்திருக்கும்,” என்று எழுந்து வந்துவிட்டேன்.

என் படிப்பை இந்தப் போக்குவரத்துக் கழகம் மதித்தது அந்த ஒரு நாள்தான்.

நவம்பர் 26, புதன்

விடுப்பு. பழைய டைரிகள் இருக்கும் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். திலகவதி கதவருகே நின்றாள்.

“பல் டாக்டரு பெட்டிக்குள்ள இருக்காரா?”

பெட்டியைத் திறந்தேன். தேடிய டைரி மூன்றாவதாக இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

“அந்த வருசத்துதான? அன்னைக்கு வந்து ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாமக் கெடந்தீங்க. முழங்கால் வலின்னு சொன்னீங்க. எந்தக் காலுன்னு கேட்டேன். மொத நாளு இடதுன்னு சொன்னீங்க, மறுநாளு வலதுன்னு சொன்னீங்க.”

“நீ ஏன் அப்பவே கேக்கல?”

“கேட்டா சொல்லியிருப்பீங்களாக்கும்.” அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் எதையும் நேரத்தோடு எழுதுகிறவன். அன்றும் எழுதியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது, ஆனால் படிக்கலாம். ‘7.54. விசில் கொடுத்தேன். சின்னையா எடுத்தான். சத்தம்.’ அவ்வளவுதான். சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன், படியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இது அங்கே இல்லை; இப்போது எழுதுகிறேன்.

இந்த வருட டைரியை மட்டும் கொடுத்தால் பேருந்து உள்ளே வருமா என்று யோசித்தேன். வராது. சின்னையா பழைய வழக்கை இழுப்பான், விசாரணை நீளும், சாட்சி, மறுசாட்சி, தை மாதம் தாண்டும். மில்லு வேன் திங்கட்கிழமை ஆறு மணிக்கு வரும். இரண்டு டைரியையும் சேர்த்து வைத்தால் ஒரே நாளில் முடியும். யாரும் எதையும் மறுக்க மிச்சம் இருக்காது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று ஓரத்தை மடித்தேன். மடித்த கோடு இப்போதும் அதில் இருக்கிறது. விசாரணை அதிகாரி பார்த்தால் என்ன என்று கேட்பார். மடித்தது நான்தான். மணி பகல் 3.10.

நவம்பர் 27, வியாழன்

8.18. ஏட்டில் 8.18.

மணி 10.40. இது இந்த டைரியில் கடைசிப் பதிவு. இன்னும் இருபது நிமிடத்தில் இதையும் எட்டு வருடத்துக்கு முந்தையதையும் மேஜையில் வைக்கப் போகிறேன். இதில் குணசீலனைப் பற்றியும், என் மேலாளரைப் பற்றியும், வேறு சிலரைப் பற்றியும் எழுதியிருப்பவை விசாரணைக்குத் தொடர்பற்றவை. ஆனால் எதையும் அடிக்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

இது பலசரக்குக் கடையில் வாங்கிய கோடு போட்ட நோட்டு. டைரிகள் கோட்ட அலுவலகத்தில் இருக்கின்றன. நான் பணியிடை நீக்கத்தில் இருக்கிறேன். வேலை மிஞ்சுமா என்பது பிறகு தெரியும்.

வியாழனன்று சின்னையா பழைய டைரியில் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பக்கத்தை மூடவில்லை. ‘விசில் கொடுத்தேன்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். அதிகாரி, “உள்ளே போவீர்களா?” என்று கேட்டார். “திங்கக்கெழமையிலருந்து போறேன்” என்றார். தனக்கு மெமோ உண்டா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை. வெளியே வந்ததும் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

இன்று பல் மருத்துவரிடம் போவதாகச் சொல்லவில்லை. “மகளிர் பள்ளி ஸ்டாப்புக்குப் போறேன்” என்றேன். திலகவதி குடையை எடுத்துக் கொடுத்தாள். தூறிக்கொண்டிருந்தது.

பள்ளி நிறுத்தம் பேருந்து நிலையத்துக்கு முந்தையது. அங்கே 7ஏ வர வேண்டிய நேரம் 8.21. நேராக வந்தால் 8.14.

8.14. வரவில்லை. எதிரே எமல்டா டீச்சர் குடையோடு நின்றார். என்னைப் பார்த்துத் தலையை அசைக்கவும் இல்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை.

8.18. வரவில்லை. 8.21. வரவில்லை. மில்லு வேன் ஆறு மணிக்கு வந்து போயிருக்கும். காளீஸ்வரியின் அப்பா அவளை அதில் ஏற்றினாரா, லீவு போட்டு 7ஏவைப் பார்க்க நின்றாரா, தெரியாது.

8.23. 7ஏ வந்து நின்றது. சீருடைகள் இறங்கின. எண்ணினேன். தலைக்குக் குளிக்காதவள் என்று கேலி செய்யப்பட்ட பெண் முதலில் இறங்கினாள். ஐந்து, ஆறு. எட்டு. ஒன்பது. ஒன்பதோடு நின்றது. டீச்சர் ரோட்டைத் தாண்டி வந்து படிக்குள் எட்டிப் பார்த்தார். இளவரசு விசில் கொடுத்தான். எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

வண்டி நகரவில்லை. சின்னையா இருக்கையில் இருந்து முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்தார். இளவரசு மறுபடியும் விசில் கொடுத்தான். அவர் எடுக்கவில்லை. படியைக் கையால் காட்டி ஏதோ சொன்னார்.

வாரறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பற்றி, காளீஸ்வரி இறங்கினாள். ஒரு கால். அப்புறம் இன்னொரு கால். இரண்டும் தரையில் பட்டபின் அவள் நிமிர்ந்து, “எறங்கிட்டேன்ணே” என்று முன்னால் பார்த்துச் சொன்னாள்.

வண்டி நகர்ந்தது. என்னைத் தாண்டும்போது சின்னையா ஒரு நொடி பார்த்தார். காலண்டரைப் பார்க்கும் அதே பார்வை.

8.24. ஏட்டில் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது.